எங்கம்மா பைக்குள்ள அம்மிக்குழவி

கை பாட்டுக்குப் பயறு கட்டட்டும், காது மட்டும் இங்கன இருந்தாப் போதும். நமக்கு எல்லாத்துக்கும் மூட்டுவலி, எந்திரிச்சு ஓடவா போறோம்? புதன்கிழம ஆனா இந்த ஹால்ல வந்து உக்காந்து, நாம கெழவிக எல்லாம் சேந்து அரிசி, பயறு, எண்ணெய்னு கட்டி அலமாரியில அடுக்குதோம். வேண்டியவங்க வந்து கடையில எடுக்குத மாதிரி எடுத்துட்டுப் போறாவ. ஆரு, என்ன, எந்த ஊருன்னு ஒரு கேள்வி கெடையாது. எனக்கு இதப் பாத்தா அப்பிடியே மனசு நெறஞ்சு போவுது பாத்துக்கிடுங்க.

போன வாரம் இந்த ஹால நடத்துத அந்தத் தம்பி வந்து, "அம்மச்சி, சாமான் வாங்குறவங்களோட சேத்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிடலாமா"ன்னு கேட்டப்ப நான் ஏன் அந்தப் போடு போட்டேன்னு கேக்கியள்லா? பாவம், பய மூஞ்சி சுருங்கிப் போச்சு. பொறவு நானே கூப்பிட்டு ரெண்டு பாளையங்கோடன் பழம் குடுத்தேன். அவன் மேல எனக்கு என்ன கோவம்? எங்கம்மாவ அவன் பாத்ததில்ல, அவ்வளவுதான். பாத்திருந்தா கேட்டிருக்க மாட்டான்.

அப்ப எனக்குப் பாவாட தடுக்கி விழுத வயசு. இதே திருவனந்தபுரத்துல, கிழக்கேகோட்டைக்குப் பின்னால ஒரு லைன் வீட்டுல இருந்தோம். ஒரே ஓட்டுக்குக் கீழ வரிசையா ஒத்த ஒத்த முறி, அதான் ரூம்பு. இந்த வீட்டுல தும்முனா அடுத்த வீட்டுக்காரி "நூறு வயசு"ம்பா. முக்காவாசிப்பேரு நம்ம ஆளுகதான், திருநெவேலி, நாகர்கோயில் பக்கத்துல இருந்து ஓட்டலுக்கும் கடைக்கும் வேலைக்கு வந்தவிய. எங்கப்பாவுக்கு ஓட்டல்ல வட சுடுத வேல. ராத்திரி வரும்போதே அப்பா சட்டையில எண்ண மணம் அடிக்கும். இப்பவும் எங்கயாச்சும் உளுந்தவட சுட்டா நான் திரும்பிப் பாத்துருவேன், அப்பா வாராகளோன்னு. சிரிக்காதிய ஏட்டி, உங்களுக்கும் இப்பிடி ஒரு மணம் இருக்கும்.

அந்த வருசம் கர்க்கடக மாசம் பொறந்ததும், அதான் நம்ம ஆடி, மழை பிடிச்ச பிடி விடல. ஓடு ஒழுகும். சட்டிய ஒரு எடத்துல வச்சா இன்னொரு எடத்துல ஒழுகும். வெறகு நனஞ்சு பொகையும், தலவாணியில பூசணம் பிடிக்கும். இங்க உள்ளவிய அத பஞ்சத்து மாசம்னே சொல்லுவாவ. அந்த மாசத்துலதான் அப்பா கையில கொதிக்குத எண்ண கொட்டிருச்சு. வலது கை, முழங்கை வரைக்கும். வாழக் குருத்துல எண்ண தடவிச் சுத்திக்கிட்டு, மூலையில உக்காந்து சொவரையே பாத்துக்கிட்டு இருப்பாக. வட சுடுதவனுக்குக் கை இல்லன்னா ஓட்டல்ல ஆரு வச்சிருப்பா? கை ஆறட்டும், வான்னு சொல்லி அனுப்பிட்டாவ.

அடுப்பு எரியுத நாளு கொறஞ்சுகிட்டே வந்துச்சு. வேலியோரம் மொளச்சு நிக்கும்லா தகரச் செடி, அத ஒடிச்சுட்டு வந்து உப்புப் போட்டு அவிச்சுத் தருவா அம்மா. அப்பாவோட கூட்டாளி எப்பவாச்சும் காப்பிக்கடை பன்னு கொண்டாருவாரு. அத அம்மா எனக்கும் அக்காவுக்கும் பிச்சுக் குடுத்துட்டு, "நான் அப்பமே தின்னுட்டேன்"ம்பா. எப்பம் தின்னா, என்னத்தத் தின்னான்னு நாங்க கேட்டதில்ல. பிள்ளைகதானே.

இந்த நேரத்துல எங்க அத்த வந்தா, அப்பாவோட அக்கா. அத்த வந்தா வெத்தலப் பெட்டி சத்தந்தான் முன்னால வரும். அப்பா கையப் பாத்தா, அடுப்பப் பாத்தா, கடைசியா எங்க அக்காவப் பாத்தா. "மெட்ராசுல ஒரு பெரிய வீடு இருக்கு. பிள்ளயப் பாத்துக்கிட ஒரு பொட்டப்பிள்ள வேணுமாம். மூணு நேரச் சோறு, தீவாளிக்குப் பாவாட. மாசக் கடைசியில வாரேன், இவளக் கூட்டிட்டுப் போறேன்"னா.

அப்பா தல குனிஞ்சாரு. அத்த போனதும் அம்மா மெல்லச் சொன்னா, "அதுக்குள்ள சோத்துக்கு ஒரு வழி பொறந்துட்டா அனுப்ப வேண்டாம்." அக்கா அன்னைக்குப் பூரா எங்கூடப் பேசல. அவ எங்கூடப் பேசாம இருந்தது அந்த ஒரு நாளுதான், அவ வாயி அப்பிடி.

வழி பொறக்காம இல்ல. பக்கத்து முறியில ஒரு சேச்சி இருந்தாவ, மலையாளத்துக்காரி. அவிய வீட்டுக்காரரு பழவங்காடிப் பக்கம் பெரிய பலசரக்குக் கடையில மூட்ட தூக்குதாரு. சேச்சி ஒரு நாளு பித்தளத் தூக்குல கஞ்சி கொண்டாந்து குடுத்தாவ. மறுநாளு வேற ஒரு வீட்டுல இருந்து ஒரு கிண்ணத்துல மரச்சீனிக் கெழங்கு அவிச்சது. அடுத்து ஒரு அடுக்குப் பாத்திரத்துல கொழம்பு. தின்னோம், வயிறு குளுந்துச்சு. அத்தோட நின்னு போச்சு.

ஏன் நின்னுச்சு தெரியுமா? நம்மள்ல பாத்திரத்த வெறுமன திருப்பிக் குடுப்போமா? கொஞ்சம் சீனியாச்சும், ரெண்டு மொளகாயாச்சும் போட்டுத்தானே குடுப்போம். எங்கம்மாகிட்ட போட என்ன இருந்துச்சு? அதனால அந்தத் தூக்கையும் கிண்ணத்தையும் புளி போட்டுத் தேச்சு, பளபளன்னு அடுக்கி வச்சுட்டா. இன்னைக்கு ஏதாச்சும் கெடைக்கும், நாளைக்குக் கெடைக்கும், போட்டுக் குடுத்துரலாம்னு. ஒண்ணும் கெடைக்கல. பாத்திரத்துக்காரிகளப் பாத்தா அம்மா கதவுக்குப் பின்னால போயிருவா.

லைன்ல பேச்சு கெளம்பிருச்சு. கொழாயடியில என் காதுபடவே ஒருத்தி சொன்னா, "கஞ்சிய மட்டுமா குடிச்சா, தூக்கையும் சேத்துல்லா முழுங்கிட்டா. அடகுக்கடையில போயிக் கேளுங்க."

ஒரு நாளு சேச்சி மழையோட மழையா வந்து நின்னாவ. அவிய அம்மா வீட்டுல இருந்து கொண்டாந்த தூக்கு அது. "எண்ட தூக்கு எவிட அக்கா? வித்துட்டேன்னா வித்துட்டேன்னு பற. ஞான் அறியணும்"ன்னு உள்ள வந்துட்டாவ.

வந்தவிய அப்பிடியே நின்னுட்டாவ. சொவரோரத்துப் பலகையில எல்லாப் பாத்திரமும் வரிசையா கவுத்து வச்சிருக்கு. அந்த இருட்டு முறிக்குள்ள அது மட்டுந்தான் மின்னுது.

"பின்னே எந்தினா தராம வச்சிருக்க?"

அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. "வெறும் பாத்திரத்த எப்பிடித் தாயி குடுப்பேன்?"

சேச்சி தூக்க எடுக்கல. தரையில உக்காந்து அம்மா கையப் பிடிச்சுக்கிட்டாவ. எனக்கு அன்னைக்கு ஒண்ணும் புரியல, சேச்சி ஏன் வந்த கோவத்த விட்டுட்டு அழுதாவன்னு.

அதுக்குப் பொறவு சேச்சி போட்டாவ பாருங்க ஒரு திட்டம்! இப்ப உள்ள படிச்ச பிள்ளைக கம்ப்யூட்டர்ல போடுதத விட நல்ல திட்டம். லைன் கடைசியில வெறகு போட்டு வச்சிருந்த ஒரு முறி. அது வீட்டுக்கார மாமியோடது. மாமின்னா முன்னால அக்ரகாரத் தெருவுல இருக்காவ, வயசானவிய, தனிக்கட்ட. லைன் வீடு பூரா அவியளுக்குத்தான். கேட்டதும் தொறந்து விட்டுட்டாவ. "பாம்பு இருந்தா அடிச்சுட்டு உள்ள போங்கோ"ன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான்.

சேச்சி வீட்டுக்காரரு கடையில கேட்டு, மூட்டையில இருந்து சிந்துத அரிசி பயறெல்லாம் கூட்டி எடுத்துப் பொடச்சுக் கொண்டாருவாரு. வேல இருக்குதவிய ஆளுக்குக் கொஞ்சம் அந்த முறியில போட்டாவ, இல்லாதவிய எடுத்துக்கிடட்டும்னு. மரச்சீனி வந்துச்சு, தேங்கா வந்துச்சு, கருவாடு வந்துச்சு. கருவாட்ட மட்டும் மாமிக்காக வெளிய உத்தரத்துல தொங்க விட்டோம். அந்த அரிசிக்கு ஒரு மணம் உண்டு பாத்துக்கிடுங்க, வத்தலும் மல்லியும் கூடச் சாக்கு மணமும் சேந்து. சோறு வடிச்சா கொழம்பே வேண்டாம்.

ஆனா சேச்சிக்கு எங்கம்மாவத் தெரிஞ்சு போச்சுல்லா. அதனால சட்டம் போட்டுட்டாவ. பாத்திரம் உள்ள வரப்படாது. ஓட்டல்ல கெடைக்குத மைதா சாக்கக் கிழிச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பை. லைன்ல உள்ள எல்லா வீடும், இருந்தாலும் இல்லாட்டாலும், தெனமும் ஒருக்க முறிக்குள்ள போயிட்டு வரணும். ஒவ்வொருத்தரா போகணும், கதவச் சாத்திக்கிடணும். "வெறும் பையோட ஆரும் போகண்டா. போட ஒண்ணும் இல்லெங்கில் பழந்துணிய அடச்சோண்டு போ. வரும்போ துணிய மாத்தி அரிசி எடுத்தோண்டு வா. போகும்போ பை நெறஞ்சிருக்கணும், வரும்போ நெறஞ்சிருக்கணும். ஆரு வச்சா, ஆரு எடுத்தான்னு தெய்வத்துக்குக் கூட அறியக் கூடாது!"

எப்பிடி?

நாங்க எல்லாரும் சந்தோசமா இருந்தோம். நானும் அக்காவும், இனிமே சோறு உண்டு, மெட்ராஸ் இல்லன்னு நெனச்சோம். அம்மாவும் மறுநாளே பையத் தூக்கிட்டுப் போனா. என்னத்த வச்சுப் பைய நெறச்சா தெரியுமா? அம்மிக்குழவி! பழந்துணின்னா தொங்கும், காத்துல பறக்கும், இல்லாதவன்னு தெரிஞ்சு போகுமாம். குழவின்னா கனமா இருக்கும்லா. நல்ல வீட்டுக்காரி போடப் போற மாதிரி, இடுப்பு ஒரு பக்கமாச் சாய நடந்து போனா.

போனவ அரிசி எடுத்துட்டு வந்தாளா? இல்லியே! அதே குழவியத் தூக்கிட்டுத் திரும்பி வந்தா. "அம்மா, அரிசி?"ன்னு அக்கா கேட்டா. "நம்மள விட இல்லாதவிய இருப்பாவ. நாளைக்குப் பாப்போம்." மறுநாளும் குழவி. அதுக்கு மறுநாளும் குழவி. சாமி புறப்பாடு மாதிரி அந்தக் குழவி தெனமும் முறிக்குப் போயிட்டுப் போயிட்டு வருது. எங்க அடுப்புல தகரக் கீரதான்.

இதுல ஒரு கூத்து என்னன்னா, லைன்ல எல்லாரும் நாங்க நல்லாத் தின்னுட்டு இருக்கோம்னு நெனச்சுட்டாவ. பை நெறஞ்சு வருதுல்லா! சேச்சிக்கு அம்புட்டு சந்தோசம், என் கன்னத்தக் கிள்ளி "மோளு தடிச்சுப் போச்சல்லோ"ன்னாவ. நான் எங்க தடிச்சேன்? மாசம் ஓடிக்கிட்டே இருக்கு. அக்கா தன் துணிய எடுத்து ஒரு மூட்டயாக் கெட்டி வச்சுட்டா, ஆரும் சொல்லாமலே.

அப்பிடி ஒரு நாளு காலையில. மழ விட்டு வெயிலு எட்டிப் பாக்குது. கொழாயடியில பொம்பளைக கூட்டம். அம்மா பையோட போறா, நானும் அக்காவும் பின்னால. முன்னால மாமி, சட்டம் தனக்குந்தான்னு, அவிய பையோட போறாவ, முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு. நட பூரா பாசி. எங்கம்மாவுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல, தல சுத்திருச்சோ என்னமோ, கால் வழுக்கித் தடால்னு விழுந்தா. பை வாய் அவுந்துச்சு. குழவி வெளிய வந்து டொக் டொக்குன்னு உருண்டு போயி, மாமி காலடியில நின்னுச்சு.

கொழாயில தண்ணி கொடத்துக்கு மேல வழியுது, ஆரும் நிறுத்தல. அம்மா எந்திரிக்கல. சேத்துல உக்காந்து ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டா. ஒருத்தி "அம்மாடி, கல்லு!"ன்னு ஆரம்பிச்சா.

மாமி திரும்பினாவ. குழவியப் பாத்தாவ, அம்மாவப் பாத்தாவ. அந்தக் கூட்டத்தையும் ஒரு பார்வ பாத்தாவ. பொறவு தன் பையக் கீழ வச்சாவ. டங்குன்னு ஒரு சத்தம்!

"ஏண்டி, எல்லாரும் பேயறஞ்சாப்ல நிக்கறேள்? கல்லப் பாத்ததே இல்லையோ? இந்தாங்கோ, இதையும் பாத்துக்கோங்கோ"ன்னு பைக்குள்ள கையவிட்டு எடுத்தாவ. சந்தனக் கல்லு. சாமிக்குச் சந்தனம் அரைப்பாவள்லா, அந்த வட்டக் கல்லு. "அவாத்துல குழவி, எங்காத்துல சந்தனக்கல்லு. என்ன இப்போ?"

சேச்சி வாயில கைய வச்சுட்டாவ. "எண்ட பகவானே! மாமிக்கும் இல்லியோ?"

"எங்கேருந்துடி இருக்கும்? இந்த மழையில ஒருத்தராவது வாடகை தந்தேளோ? நான்தான் கேட்டேனோ? வேலையில்லாதவாளும் அரைக் கூலிக்காராளுமா இருக்கறச்சே என்னன்னு கேக்கறது?"

நாங்க என்ன நெனச்சுட்டு இருந்தோம் தெரியுமா? மாமி வாடக கேக்கலன்னா அம்புட்டுப் பணம் இருக்குன்னு! மாமி நம்மளத் தாங்கிக்கிட்டு இருக்காவன்னு தெரியாம, வெவரங்கெட்ட பணக்காரின்னு பேசிக்கிட்டு இருந்தோம். பிள்ளைக வடக்க எங்கயோ வேலையில, ஆளும் வராது, கடுதாசியும் வராது. அந்த அம்மா தெனமும் சந்தனக்கல்லத் தூக்கிட்டுப் போயி, தூக்கிட்டு வந்திருக்கு, எங்கம்மா மாதிரியே.

இப்ப யோசிச்சா எனக்கு ஒடம்பு சிலுக்குது. மாமி பேசாமப் போயிருக்கலாம். அவிய பைக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கம்மா தனியா நிக்கக் கூடாதுன்னு தன் கல்லயும் எடுத்து நடுத்தெருவுல வச்சாவ.

மொத ஆளா சிரிச்சது எங்கம்மாதான். சேத்துல உக்காந்தபடியே. மாமி சிரிச்சாவ, சேச்சி சிரிச்சாவ, கொழாயடியே சிரிச்சுச்சு. சிரிப்பா அழுகையான்னு தெரியல. அக்கா குழவிய எடுத்துத் தொடச்சு இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கா, குழந்தய வச்சிருக்குத மாதிரி.

மாமி அம்மாவ எழுப்பி விட்டாவ. "வாடி உள்ளே. நேக்கு நானே எடுத்துக்கக் கை வரலை, நோக்கும் வரலை. என் பைய நீ ரொப்பு, உன் பைய நான் ரொப்பறேன்."

ரெண்டு பேரும் சேந்து முறிக்குள்ள போனாவ. கதவு இடுக்கு வழியா நான் பாத்தேன். அம்மா சிரட்டையால அரிசிய அள்ளி மாமி பையில போடுதா. "போறும்டி போறும்"னு மாமி சொல்ல, "பேசாம இருங்க மாமி, ஒடம்பு துரும்பா இருக்கு"ன்னு அம்மா அதட்டுதா. எங்கம்மா ஒருத்தர அதட்டி எத்தன நாளாச்சு! பொறவு மாமி அம்மா பையில போடுதாவ, அரிசி, பயறு, ஒரு தேங்கா மூடி. தனக்கு எடுக்க வராத கையி அடுத்தவளுக்குன்னா எப்பிடி அள்ளுது பாருங்க.

அன்னையில இருந்து லைன்ல அதுதான் வழக்கம். ரெண்டு ரெண்டு பேரா போவாவ. இவ பைய அவ நெறப்பா, அவ பைய இவ நெறப்பா. எடுத்தவன்னு ஒருத்தியும் இல்ல. எல்லாரும் போட்டவதான். குழவி வீட்டுக்கு வந்து தேங்காயும் மொளகாயும் அரைக்கப் போயிருச்சு, அதுக்கும் ஒரு விடிவு காலம்.

மாசக் கடைசியில அத்த வந்தா, சொன்ன சொல்லு தவறாம. நாங்க சாப்பிட உக்காந்திருந்தோம். சூடு கஞ்சி, பயறு, சம்மந்தி, அதான் தேங்காத் தொவையல். அத்த வாசல்லயே நின்னு பாத்தா. "பிள்ளயக் கெளப்பலியா? ரயிலுக்கு நேரமாச்சுல்லா?"

அக்கா கையில எடுத்த கஞ்சி வாய்க்குப் போகல. அம்மாவயே பாக்கா. அப்பாவும் அம்மாவயே பாக்காரு.

"அவ வரல மதினி"ன்னா அம்மா. "மொதல்ல நீங்க உக்காருங்க."

"ஏளா, ஊரான் அரிசியில எத்தன நாளு வளப்பே?"

"ஊரான் அரிசி இல்ல மதினி. நேத்து மாமி பைய நெறச்சது இவதான். நாளைக்கு இவ அப்பன் கை ஆறுனா எங்க அரிசியும் அதுல கெடக்கும். என் பிள்ள அடுத்த வீட்டு அடுக்களையில நின்னு திங்காண்டாம். இங்கன உக்காந்து திங்கட்டும்."

அத்தைக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "நான் போகலியா? இவ வயசுலதான் என்னயக் கொண்டுபோயி விட்டாவ. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அம்மா எந்திரிச்சா. ஒரு தட்டு எடுத்து வச்சா, கஞ்சி ஊத்துனா, சம்மந்திய நெறைய வச்சா. "சாப்பிடுங்க மதினி"ன்னா. அத்த வெத்தலப் பெட்டிய ஓரமா வச்சுட்டு உக்காந்தா. குனிஞ்ச தல நிமிராமச் சாப்பிட்டா. ரெண்டாவது தடவ அம்மா ஊத்தும்போது வேண்டாங்கல. அன்னைக்கு எனக்கு அத்த ஒரு பூதம். பிள்ள பிடிக்க வந்தவன்னு ஆயுசு பூரா திட்டியிருக்கேன். இப்பந்தான் தெரியுது, அந்த வயசுல அவளுக்கு ஆரும் இப்பிடி உக்காத்தி வச்சு ஊத்தலன்னு. அவ பாத்த வழிய நமக்குக் காட்ட வந்தா, அவ்வளவுதான்.

அத்த தனியாத்தான் ரயிலுக்குப் போனா. அப்பா கொண்டுபோயி விட்டுட்டு வந்தாரு. ஓணத்துக்கு முன்னால அவரு கை ஆறிருச்சு, மறுபடி வட சுடப் போனாரு. தழும்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு.

எங்க அக்கா என்ன செஞ்சான்னு கேக்கியளா? அத்த தெரு முக்கு திரும்பினதும் மூட்டய அவுத்தா. அவுத்துத் துணிய ஒதறிப் பாத்துட்டு, "என் சீப்ப எடுத்தது ஆரு?"ன்னா. நான்தான் எடுத்திருந்தேன். அவ போயிருவா, நமக்குத்தானேன்னு எடுத்துத் தலையில சொருகியிருந்தேன். முதுகுல ஒண்ணு வச்சா பாருங்க, இன்னும் வலிக்குது.

மெட்ராசுக்குப் போயிருந்தா அவ எங்கயோ, நான் எங்கயோ. எந்த வீட்டு வாசல்ல நின்னாளோ, இருந்தாளோ இல்லியோ. போகலியே! இங்கதான் கல்யாணம் ஆச்சு, இங்கதான் பேரன் பேத்தி எடுத்தா. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. நேத்துச் சாயந்தரம் வந்து, அவியல்ல தயிரு ஊத்துனது தப்பு, மாங்காதான் போடணும்னு ஒரு பாடு சண்ட. நானும் விடல. பல்லு இல்லாத வாயில ரெண்டு பேரும் கத்துத கத்துல என் மருமக கதவச் சாத்திக்கிட்டா. போகும்போது ஒரு கிண்ணம் அவியல வாங்கிட்டுத்தான் போனா கள்ளி.

இந்த வயசுல சண்ட போடக் கூடப் பொறந்தவ ஒருத்தி, எட்டுத தூரத்துல. எம்புட்டுப் பேருக்குக் கெடைக்கும் சொல்லுங்க.